எந்த மொழியைப் படிப்பது?

உயர்தரப் பரீட்சையை எழுதி முடித்துப் பெறுபேற்றை எதிர்நோக்கியிருக்கும் மகனை அழைத்துக்கொண்டு, தந்தையார் ஒருவர் சென்ற மாதம் ஞாயிற்றுக்கிழமையொன்றிற் காலை வேளையில் எமது இல்லத்துக்கு வந்தார். விறாந்தையிற் கிடந்த கதிரையில் அமர்ந்ததும், சட்டைப் பையிலிருந்து மூன்று துண்டுப் பிரசுரங்களை எடுத்து எம் முன்னே விரித்து வைத்தார். மூன்றும் கணினிக் கல்வி நிலையங்கள் வெளியிட்டவை. முதலாவது, ஆறு மாதத்திலே ஜாவாஸ்கிரிப்ற் மொழியைக் கற்பித்து மாணவனை இணையத்தளம் அமைப்போனாக ஆக்கிவிடுவோம் என்றது. இரண்டாவது, எதிர்காலம் முழுவதும் பைதன் மொழிக்கே உரியது என்று உறுதி கூறிற்று. மூன்றாவதோ, ஓராண்டுக்குள் ஏழு மொழிகளைக் கற்பித்து ஏழு சான்றிதழ்களும் வழங்குவதாகப் பெரிய எழுத்திற் பறைசாற்றியது.

"மாஸ்ரர், இதிலை எந்தப் பாஷையைப் படிப்பிச்சால் பிள்ளைக்குப் பிழைப்பு வரும்?" என்று அவர் கேட்டார்.

சிறிது நேரம் உரையாடிய பின்னரே அவ்வினாவின் முழுப் பாரமும் எமக்குத் தெரியவந்தது. வகுப்புக் கட்டணத்துக்காகத் தாயாரின் காப்புச் சோடியை அடகு வைப்பதென்று வீட்டில் முடிவு செய்திருந்தனர். எந்தப் பிரசுரத்தை நம்பி அந்தக் காப்பைக் கழற்றுவது என்பதே தந்தையார் உண்மையிற் கேட்ட கேள்வி.

நாம் உடனே விடை கூறவில்லை. மகனை நோக்கி, "தம்பி, நீர் என்னத்தைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறீர்?" என்று கேட்டோம். அவன் பதில் கூறாது தந்தையாரின் முகத்தைப் பார்த்தான்.

இத்தகைய வினாவோடு பெற்றோர் எம்மிடம் வருவது இது முதன்முறையன்று. ஆண்டுதோறும் பரீட்சை முடிந்த கையோடு இரண்டொருவர் வருகின்றனர். ஆகவே, அன்று அத்தந்தையாருக்குக் கூறியவற்றை இவ்வாரம் யாவருக்கும் பொதுவாக இங்கே எழுத எண்ணினோம்.

மயக்கம் தரும் சொல்

'மொழி' என்னும் சொல்லே இவ்விடயத்தில் முதல் மயக்கத்தை உண்டாக்குகின்றது. பிரெஞ்சோ ஜேர்மனோ கற்கப் புகுவோன் ஆயிரக்கணக்கான சொற்களை மனத்திலிருத்த வேண்டும். அதற்கு ஆண்டுகள் செல்லும். எனவே ஒன்றைத் தெரிந்தெடுத்து மற்றையவற்றை விட்டுவிடுவதே முறை. கணினி மொழி அத்தகையதன்று. இன்று பெரிதும் பேசப்படும் பைதன் மொழி தனக்கென ஒதுக்கி வைத்திருக்கும் சொற்கள் முப்பத்தைந்து மாத்திரமே. ஒரு மாலைப்பொழுதில் அவற்றை ஒப்புவித்துவிடலாம். ஆனால், ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பகுத்து, அப்படிகளை ஒழுங்குபட நிறுத்தி, எங்கே பிழை நேர்ந்ததென்று பொறுமையோடு தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கம் ஒரு மாலையில் வருவதன்று. நாட்செல்வது அதுவே, மொழியன்று.

இரண்டாவது மயக்கமும் ஒன்றுண்டு. இணையத்தளம் அமைக்க ஒரு மொழி போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ஓர் இணையத்தளம் பல மொழிகள் கூடிச் செய்யும் காரியம்.

எமது ஊர்க் கூத்து மேடையை நினைத்துப் பாருங்கள். நடிகர் பேசுவதற்கு ஏடு வேண்டும். உடையும் ஒப்பனையும் வேண்டும். ஆட்டம் வேண்டும். திரைக்குப் பின்னே நின்று, வேளையறிந்து ஒவ்வொருவரையும் மேடைக்கு அனுப்புவதற்கு ஆள் வேண்டும். உடுப்பும் அணிகலனும் ஒழுங்காக வைத்தெடுக்கப் பெட்டகமும் வேண்டும். 'ஏட்டைக் கற்பதா, ஒப்பனையைக் கற்பதா, எது இலாபம்?' என்று யாரேனும் அண்ணாவியாரிடம் கேட்டால் அவர் நகைப்பார் அன்றோ? இணையத்திலும் அவ்வாறே. பக்கத்திலுள்ள செய்தியை எழுதுவது எச்.ரி.எம்.எல். அதற்கு நிறமும் அளவும் அமைப்பும் தருவது சி.எஸ்.எஸ். தொட்டால் அசையவும் கேட்டால் விடை தரவும் செய்வது ஜாவாஸ்கிரிப்ற். திரைக்குப் பின்னே நிற்பது சேவையகம் என்னும் தொலைக் கணினியில் ஓடும் ஒரு மொழி. பெட்டகமாவது தரவுத்தளம், அதனைத் திறக்கும் மொழி எஸ்.கியூ.எல்.

இவ்வைந்து இடங்களையும் பிரித்துணர்ந்துவிட்டால், எந்த இடத்திலே தெரிவு உண்டு, எந்த இடத்திலே இல்லை என்பது தெளிவாகும்.

தெரிவுக்கு இடமில்லாத மூன்று

மேடையின் முன்பக்கத்தில் தெரிவுக்கு இடமேயில்லை. காரணம் எளிது. நீங்கள் எழுதும் பக்கத்தை வாசகருக்குத் திறந்து காட்டுவது அவருடைய தொலைபேசியிலோ கணினியிலோ உள்ள உலாவி. குறோம், பயர்பொக்ஸ், சபாரி என அதற்குப் பெயர் எதுவாயினும், எல்லா உலாவிகளுக்கும் பொதுவாக விளங்குபவை இம்மூன்று மொழிகளே. 2019 ஆம் ஆண்டில் வெப்அசெம்பிளி என்னும் நாலாவதொன்றும் உலகப் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. ஆயினும் அது பெரும்பாலும் வேறு மொழியில் எழுதி மாற்றிப் பெறப்படுவது, தொடக்க மாணவனுக்குரியதன்று.

இம்மூன்றும் பிறந்த கதையை மாணவர் அறிந்திருத்தல் நன்று. ஜெனீவா நகரை அடுத்துள்ள சேர்ன் அணுவாராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய ரிம் பேர்ணர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர், ஆராய்ச்சிக் குறிப்புகள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டுமென்று 1989 ஆம் ஆண்டிலே ஒரு திட்டத்தை முன்வைத்தார். 1991 இல் அவர் வெளியிட்ட எச்.ரி.எம்.எல். விளக்கத்தில் இருந்த குறிகள் ஏறத்தாழ 18 மாத்திரமே. 1993 ஏப்பிரல் 30 ஆம் நாள், இக்கண்டுபிடிப்பை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று சேர்ன் நிலையம் அறிவித்தது. அந்த ஈகையின் பயனையே நாம் இன்று துய்க்கின்றோம்.

1994 இல் நோர்வே நாட்டவரான ஹோகன் வியூம் லீ, பக்கத்தின் தோற்றத்தைச் செய்தியிலிருந்து பிரித்துத் தனியே எழுதும் வழியை முன்மொழிந்தார். அதுவே சி.எஸ்.எஸ்.; 1996 இல் அது தரமாக வெளிவந்தது. ஜாவாஸ்கிரிப்ற் மொழியை 1995 மே மாதத்தில், நெற்ஸ்கேப் நிறுவனத்திலே பிறென்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் உருவாக்கினார். அதே ஆண்டில் வேறொரு நிறுவனத்திலிருந்து வெளிவந்த ஜாவா மொழிக்கும் இதற்கும் பெயரிலன்றிப் பிறவற்றில் நெருங்கிய உறவில்லை. பெற்றோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றென எண்ணிப் பணம் கட்டுவதுண்டு, கவனமாயிருத்தல் வேண்டும்.

நாம் செய்த தவறு

இவ்விடத்தில் எமது தவறொன்றையும் மறைக்காது கூறிவிடுகின்றோம்.

2009 ஆம் ஆண்டளவில், எம்மிடம் கணிதம் கற்ற மாணவன் ஒருவன் இதே வினாவோடு வந்தான். அந்நாளிலே பிளாஷ் என்பது இணைய உலகில் கொடிகட்டிப் பறந்தது. படம் பறக்கும், எழுத்து ஆடும், பாட்டு ஒலிக்கும். எல்லாம் பிளாஷினாலேயே ஆயின. அதனை இயக்கும் மொழியின் பெயர் அக்சன்ஸ்கிரிப்ற். அக்கவர்ச்சியில் மயங்கி, "அதையே படி, உனக்கு வேலைக்குக் குறைவிராது" என்று நாமும் கூறிவிட்டோம். அவன் எமது சொல்லை நம்பி ஓராண்டு முழுவதையும் அதிலே செலவிட்டான்.

ஆனால் 2007 இல் வெளிவந்த ஐபோன் பிளாஷை ஏற்றிருக்கவில்லை. 2010 ஏப்பிரலில், ஏன் ஏற்கமாட்டோம் என்று அப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்ரீவ் ஜொப்ஸ் பகிரங்கக் கடிதமே எழுதினார். மக்கள் கணினியை விட்டுத் தொலைபேசியிலே இணையத்தைப் பார்க்கத் தொடங்கியதும் பிளாஷ் தேய்ந்தது. 2020 டிசம்பர் 31 ஆம் நாளோடு, அதற்கு உரிமையுடைய அடோபி நிறுவனமே அதனைக் கைவிட்டது. எண்ணிறந்த பக்கங்கள் ஒரேயடியாகக் கண்மூடின.

அம்மாணவன் என்னவானான் என்று நீங்கள் கேட்பீர்கள். அவனை நினைக்குந்தோறும் எமக்கு வெட்கமும் ஆறுதலும் ஒருங்கே தோன்றுவதுண்டு. 2011 இல் ஒருநாள் எம்மை வழியிற் கண்டு, தான் ஜாவாஸ்கிரிப்ற்றுக்கு மாறிவிட்டதாகவும் மாறுவதற்குச் சில வாரங்களே சென்றனவென்றும் சொன்னான். அக்சன்ஸ்கிரிப்ற்றும் ஜாவாஸ்கிரிப்ற்றும் ஒரே தரத்தை அடியொற்றியவை. அது ஒரு காரணம். மற்றைய காரணம் அவன் வாயிலிருந்தே வந்தது: "சேர், பாஷை போட்டுது. ஆனால் படிச்சது போகேல்லை."

அவ்வொரு வாக்கியத்துக்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம் என்றாலும் பொருந்தும். ஒரு நிறுவனத்துக்கு மாத்திரம் சொந்தமான மொழி அந்நிறுவனத்தின் விருப்பத்தோடு வாழ்ந்து அதனோடு மறையலாம். பலர் கூடி வகுத்த பொதுத் தரமோ நெடுங்காலம் நிற்கும். 1991 ஆம் ஆண்டின் முதற் பக்கத்தை இன்றைய உலாவியும் திறந்து காட்டுகின்றது. எனினும், இவ்விரண்டையும்விட நெடிது நிற்பது கற்றவனுடைய சிந்தனைப் பழக்கம்.

திரைக்குப் பின்னே

இனி, தெரிவு உள்ள இடத்துக்கு வருவோம். ஒரு வாசிகசாலைக்கு இணையத்தளம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். 'இந்நூல் இருக்கின்றதா?' என்று வாசகர் ஒருவர் தொலைபேசியிற் கேட்கின்றார். அக்கேள்வி சேவையகத்துக்குச் செல்கின்றது. அங்குள்ள செய்நிரல் தரவுத்தளத்திலே தேடி, நூல் உள்ளதா, யார் கொண்டு சென்றார், எப்போது திரும்பும் என்பவற்றைக் கண்டறிந்து விடையைப் பக்கமாக்கி அனுப்புகின்றது. இந்த வேலையைப் பல மொழிகளுள் எதனாலும் செய்யலாம். எதனாற் செய்தார்கள் என்பது வாசகருக்குத் தெரியவும் மாட்டாது.

பி.எச்.பி. 1995 இல் வெளிவந்தது. 'பழையது' என்று இளைஞர் சிலர் அதனை இகழ்வர். ஆயினும் விக்கிப்பீடியா அதிலேதான் இயங்குகின்றது. உலகின் இணையத்தளங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்குக்கு ஆதாரமாகவுள்ள வேர்ட்பிரஸும் அதனாலேயே ஆனது. குறைந்த செலவில் இடம் வாடகைக்கு எடுத்துச் சிறு கடைக்கோ பாடசாலைக்கோ தளம் அமைப்பவர்க்கு அது இன்றும் உற்ற துணை.

பைதனை ஒல்லாந்து நாட்டவரான கைடோ வான் றொசம் 1991 இல் வெளியிட்டார். வாசிக்க எளிது. இணையத்துக்கு மாத்திரமன்றிப் புள்ளிவிபரம், விஞ்ஞானம், செயற்கை நுண்ணறிவு ஆகிய துறைகளுக்கும் உதவும்.

ஜாவாஸ்கிரிப்ற் முன்பு உலாவிக்குள்ளேயே பெரிதும் வழங்கியது. 2009 இல் றையன் டால் என்பவர் வெளியிட்ட நோட் என்னும் கருவி அதனைச் சேவையகத்திலும் நிலைபெறச் செய்தது. ஆகவே முன்பக்கத்துக்குக் கற்ற மொழியையே பின்பக்கத்துக்கும் பயன்படுத்தலாம். ஜாவாவும் சி-ஷார்ப்பும் வங்கி முதலிய பெரும் நிறுவனங்களிற் பெரிதும் வழங்குபவை.

இவற்றுள் எது சிறந்தது என்று வாதிடுவோர் என்றும் இருப்பர். அவ்வாதத்தில் மாணவன் தலையிட வேண்டியதில்லை. அவன் தன்னைத்தானே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

முதலாவது, எனக்கு ஏற்கெனவே எதிலே அறிமுகம் உண்டு? இலங்கையில் 2017 முதல் நடைமுறைக்கு வந்த உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திட்டத்திலே பைதனும் எச்.ரி.எம்.எல்லும் பி.எச்.பியும் எஸ்.கியூ.எல்லும் இடம்பெற்றன. பரீட்சைக்காகப் படித்து மறந்ததை மீளவும் கையிலெடுப்பது, புதிதாகப் பணம் கட்டுவதிலும் மேலன்றோ?

இரண்டாவது, நான் தடுமாறும்போது கேட்பதற்கு அருகில் யார் இருக்கின்றார்? பக்கத்து வீட்டு அண்ணாவுக்குப் பி.எச்.பி. தெரியுமானால், தொலைவிலுள்ள பேராசிரியரின் பைதனைவிட அந்தப் பி.எச்.பியே முதல் மொழியாகத் தக்கது.

மூன்றாவது, நான் வேலை செய்ய விரும்பும் இடத்தார் எதனைக் கேட்கின்றார்? இதற்குத் துண்டுப் பிரசுரத்தை நம்ப வேண்டாம். ஒரு கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு வாரத்துக்கு ஞாயிறுதோறும் வேலைவாய்ப்பு விளம்பரங்களைப் பார்த்து, எந்த மொழி எத்தனை தடவை கேட்கப்படுகின்றது என்று கோடிட்டு எண்ணுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் கையாலேயே விடை கிடைத்துவிடும்.

எதனைத் தெரிந்தாலும் எஸ்.கியூ.எல். மொழியை மாத்திரம் ஒதுக்க வேண்டாம். 1974 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர்களான சேம்பர்லினும் பொய்ஸும் வகுத்த அம்மொழி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் தரவுத்தளங்களை ஆள்கின்றது. மேடையிலே நடிகர் மாறுவர், பெட்டகம் மாறுவதில்லை.

மூன்றா, ஐந்தா, பதினைந்தா?

மொழியைக் காட்டிலும் அறிவு பெரிது என்று கூறுவது வெறும் உபதேசமென எண்ண வேண்டாம். தமிழ் மாணவர் யாவரும் செய்து பார்க்கத்தக்க சோதனையொன்றைச் சொல்லுகின்றோம்.

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? த, மி, ழ் என மூன்றென்று சிறு பிள்ளையும் கூறும். இதே கேள்வியைக் கணினி மொழிகளிடம் அவற்றின் சாதாரண வழியிற் கேளுங்கள். ஜாவாஸ்கிரிப்ற் ஐந்து என்னும். பைதனும் ஐந்து என்னும். பி.எச்.பியோ பதினைந்து என்று துணிந்து கூறும்!

இவை பொய் கூறவில்லை. உலக எழுத்துகளையெல்லாம் உள்ளடக்கிய ஒருங்குறி முறையில், 'மி' என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு. 'ழ்' என்பது ழகரமும் புள்ளியுமாக இரண்டு. தகரம் ஒன்று. ஆக ஐந்து. யூ.ரி.எப்-8 என்னும் முறையில் அவற்றைச் சேமிக்கும்போது ஒவ்வொன்றும் மூன்று பைற்று இடத்தைக் கொள்ளும். ஆக பதினைந்து. முன்னவை குறிகளை எண்ணின. பின்னது இடத்தை எண்ணிற்று. எழுத்தை எண்ணியது ஒன்றுமில்லை.

இதனால் விளைவது சிறிய தீங்கன்று. பெயரெழுதும் கட்டத்துக்கு 'இருபது எழுத்துக்கு மேற்படலாகாது' என்று விதித்த ஒருவர், இதனை அறியாராயின், நீண்ட தமிழ்ப் பெயருடையார் பலர் தம் பெயரை முழுமையாக எழுத முடியாது தவிப்பர். எழுத்துகளைச் சரியாக எண்ணும் வழி இம்மூன்று மொழியிலும் உண்டு. ஆனால் எண்ணவேண்டிய முறை வேறு என்பதை அறிந்தவனே அவ்வழியைத் தேடுவான். ஏழு மொழியில் ஏழு சான்றிதழ் பெற்றவன் இதனை அறியாமலிருக்கலாம். ஒரு மொழியை ஆழக் கற்றவன் அறிந்திருப்பான். அகல உழுவதிலும் ஆழ உழுதல் நன்று என்று எமது முன்னோர் வயலுக்குச் சொன்னது இங்கும் பொருந்தும்.

இயந்திரமே எழுதாதோ?

"இப்போது செயற்கை நுண்ணறிவே எல்லாவற்றையும் எழுதித் தருகின்றதே, பிள்ளைகள் எதற்காகக் கற்க வேண்டும்?" என்று வினவுவோரும் உளர். 2022 ஆம் ஆண்டின் இறுதியில் சட்ஜிபிரி வெளிவந்தபின் இக்கேள்வி வலுத்துவிட்டது. அது எழுதித் தருவது உண்மை; பல வேளைகளில் நன்றாகவே எழுதித் தருகின்றது. ஆனால் பெயரெழுதும் கட்டத்தை அதனிடம் செய்து வாங்கியவர், அது எழுத்தை எண்ணிற்றா, குறியை எண்ணிற்றா என்று பார்க்க வேண்டாமா? கடிதம் எழுதத் தெரியாதவர் பிறரைக் கொண்டு எழுதுவிக்கலாம். வாசிக்கவும் தெரியாதவர் கீழே கையொப்பமிடுதல் ஆபத்து. இயந்திரம் வந்தமையாற் கற்க வேண்டியது குறைந்துவிடவில்லை. எழுதும் பயிற்சியோடு வாசித்துப் பிழை காணும் பயிற்சியும் இன்றியமையாததாயிற்று.

சொல்லப்படாத இரு மொழிகள்

துண்டுப் பிரசுரங்கள் குறிப்பிடாத இரண்டு மொழிகளும் இத்தொழிலுக்கு வேண்டும். ஒன்று ஆங்கிலம். மேற்கூறிய மொழிகளின் சொற்களும், பிழை நேர்ந்தபோது கணினி காட்டும் அறிவிப்புகளும், இலவசமாகக் கிடைக்கும் விளக்கங்களுட் பெரும்பாலானவையும் ஆங்கிலத்திலேயே உள்ளன. அழகாகப் பேச வேண்டுமென்பதில்லை. அஞ்சாமல் வாசிக்கத் தெரிந்தாற் போதும். நாள்தோறும் ஒரு பக்கம் அகராதியோடு வாசிப்பவன் ஆறு மாதத்திலே அச்சம் தெளிவான்.

மற்றையது எமது தமிழ். தமிழ்ப் பக்கங்கள் பலவற்றிலே பிழையான தமிழும், வரி முறிந்த சொல்லும், உடைந்த எழுத்தும் கண்டு நாம் வருந்துகின்றோம். நல்ல தமிழை எழுதவும், அது பக்கத்திலே நன்றாகத் தோன்றச் செய்யவும் வல்ல பிள்ளைக்கு எமது நாட்டில் வேலை உண்டு. அவ்வேலையைப் பிறநாட்டார் வந்து செய்யமாட்டார்.

காப்பு கையிலேயே இருக்கட்டும்

இவற்றையெல்லாம் கேட்டிருந்த தந்தையார், "அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?" என்றார்.

"காப்பு இப்போதைக்குக் கையிலேயே இருக்கட்டும்" என்றோம். மாமனார் வீட்டிலே பழைய கணினியொன்று கிடப்பதாகப் பையன் கூறினான். அது போதும். உலாவி இலவசம், எழுதுவதற்கான கருவியும் இலவசம். முதல் மூன்று மாதம் எச்.ரி.எம்.எல்லும் சி.எஸ்.எஸ்ஸும். ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலையில் உள்ள நூல்களுள் நூறு நூலின் பெயரைத் திரட்டி ஒரு பக்கம் அமைக்க வேண்டும். அடுத்த மூன்று மாதம் ஜாவாஸ்கிரிப்ற். அப்பக்கத்திலே நூலைத் தேடும் வசதி செய்ய வேண்டும். அதன் பின்னர், பாடசாலையிற் படித்த பைதனைத் தூசு தட்டி எஸ்.கியூ.எல்லோடு சேர்த்து, யார் எந்நூலைக் கொண்டுசென்றார் என்னும் பதிவேட்டை அமைக்க வேண்டும். அதுவரையில் வேறெந்த மொழியின் பெயரையும் உச்சரிக்கலாகாது! பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பதை அவனுக்கு நினைவூட்டினோம்.

கல்வி நிலையங்கள் யாவும் வீண் என்று நாம் கூறவில்லை. நல்ல ஆசிரியர் ஒருவர் அமைந்தால் ஈராண்டில் வருவது ஓராண்டில் வரும். ஆனால் பணம் கட்டுமுன், "முன்னர் இங்கே படித்த பிள்ளைகள் தாமாகச் செய்த தளங்களைக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். காட்டுவாராயின் நம்பலாம், சான்றிதழின் மாதிரியை மாத்திரம் காட்டுவாராயின், வணக்கம் கூறி வெளியேறிவிடலாம்.

தந்தையார் பிரசுரங்களை மடித்துப் பையிலிட்டுக்கொண்டு எழுந்தார். அவருக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. மூன்று பிரசுரங்களும் உறுதி கூறின; நாமோ உறுதி ஒன்றும் கூறவில்லை.

மூன்று வாரங்கள் கழிந்து, சென்ற சனிக்கிழமை மாலை அப்பையன் தனியே துவிச்சக்கர வண்டியில் வந்திறங்கினான். தொலைபேசியை எடுத்து எம்மிடம் நீட்டினான். அதிலே அவன் எழுதிய பக்கம். மேலே வாசிகசாலையின் பெயர். கீழே நாற்பத்திரண்டு நூல்களின் பட்டியல். நிறம் சற்றுக் கூடிவிட்டது. இரண்டு எழுத்துப்பிழை. தலைப்பு நடுவிலே நில்லாது ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது.

"சேர், கணினியிலை நடுவிலை நிக்குது, போனிலை மட்டும் ஒதுங்குது. ஏன் சேர்?" என்று கேட்டான்.

முன்னர் வந்தபோது நாம் கேட்ட கேள்விக்கு மௌனமாயிருந்தவன் அவன். இன்று தானாகவே ஒரு கேள்வியோடு வந்திருக்கின்றான். அதுவும் எந்த மொழி என்றன்று, ஏன் இப்படி நிகழ்கின்றது என்று. கற்கத் தொடங்கியவனின் கேள்வி அது. விடையை நாம் உடனே கூறிவிடவில்லை. இருவருமாக விறாந்தையிலிருந்து, இருட்டும் வரையில் அந்தத் தலைப்பு ஏன் ஒதுங்கியதென்று தேடினோம்.